பழகப் பழக வரும் கை

1947-ஆம் ஆண்டு. செங்கல்பட்டை ஒட்டியிருக்கும் திருமணியில் அப்போது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர், தொழுநோய் மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்ற ராபர்ட் காக்ரேன். அவரைப் பார்க்க வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்திருந்தார். பெயர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். சிறுவயதை அந்த மலையிலேயே கழித்தவர்.

மருத்துவமனையைச் சுற்றி வந்தபோது பிராண்டின் கண்ணில் பட்டதெல்லாம் கைகள்தான். விரல்கள் உள்நோக்கி மடங்கி, பருந்தின் நகம்போல் விறைத்து நின்ற கைகள். ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடியில் பலமே இருக்காது என்றுதான் நினைத்தார். பிடித்த பிடியில் அவருக்கே வலி தாங்கவில்லை. உணர்ச்சி இல்லாத அந்தக் கைக்கு, தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை. ஆனால் அழுத்தம் இருந்தது. அப்படியென்றால் முன்கைத் தசைகள் நல்ல நிலையில் இருக்கின்றன, கெட்டுப்போனது வேறு எதுவோ என்று பிராண்டுக்கு அந்த நொடியில் உறைத்தது. இந்தக் கைகளை எலும்பு அறுவை மருத்துவர்கள் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று காக்ரேனிடம் கேட்டார். யாரும் இல்லை என்பது பதில்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்புறம், இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த நரம்புதான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் இருக்கும் சிறுதசைகள் அதனால் செயலிழக்கும். விரலை மடக்கும் பெரிய தசைகளோ முன்கையின் மேற்பகுதியில், நோய் எட்டாத இடத்தில் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாததால் அவை விரலை இழுத்து மடக்கிவிடுகின்றன.

பிராண்ட் வேலூருக்குத் திரும்பி, அடுத்த ஆண்டிலேயே இந்தக் கைகளில் அறுவை செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு, ஒன்று மேலாக, இன்னொன்று ஆழத்தில். ஒன்று போனாலும் மற்றது சமாளிக்கும். ஆகவே மோதிர விரலின் மேல் தசைநாணை விடுவித்து, அதை நான்கு இழைகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, நான்கு விரல்களின் பக்கவாட்டில் தைத்துவிடுவார்கள். நேற்றுவரை ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இனி நான்கு விரல்களை நிமிர்த்தும் வேலையைப் பார்க்க வேண்டும்.

கத்தியின் வேலை அத்தோடு முடிந்தது. மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது இன்னொரு வேலை காத்திருந்தது. நோயாளி விரலை நிமிர்த்த நினைப்பார், எதுவும் நடக்காது. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, “மோதிர விரலை மடக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்பார். மடக்க நினைத்ததும் நான்கு விரலும் நிமிரும்! பாதம் தொங்கிப்போனவர்களுக்குச் செய்த அறுவையில் இது இன்னும் வினோதமாக இருக்கும். பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையைப் புறங்காலுக்கு மாற்றிக் கட்டுவார்கள். அதன்பின் பாதத்தை உள்ளே திருப்ப நினைத்தால்தான் கால் மேலே தூக்கும். முதலில் யோசித்து யோசித்துத்தான் வரும். கண்ணால் பார்த்துக்கொண்டே, தினமும் பலமுறை, வாரக்கணக்கில் செய்வார்கள். கொஞ்ச நாளில் “உள்ளே திருப்பு” என்ற இடைத்தரகு நினைப்பு தானாக விலகிவிடும். சட்டைப் பித்தானைப் போடும்போது எந்தத் தசை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

வளர்ந்த மனிதரின் மூளை, பழைய கட்டளைக்குப் புதிய பொருளைக் கற்றுக்கொண்டது. இத்தனைக்கும் அன்றைய நரம்பியல் பாடப்புத்தகங்கள், வளர்ந்தபின் மூளை மாறாது என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நரம்பணுக்களை முதன்முதலில் துல்லியமாக வரைந்து காட்டி நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ காஹாலே, வளர்ந்த மூளையின் பாதைகள் முடிந்து நிலைத்துவிட்டவை என்றுதான் கருதினார். செங்கல்பட்டிலும் வேலூரிலும் பார்த்த கைகள் வேறு சேதி சொல்லின.

இந்தக் கருத்து ஆய்வுக்கூடத்தில் ஆட்டம் காண இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் மைக்கேல் மெர்ஸனிச்சின் குழு, வளர்ந்த குரங்குகளின் மூளைப் புறணியில் ஒவ்வொரு விரலுக்கும் உரிய இடத்தை அளந்து வரைபடம் போட்டது. ஒரு விரலை அகற்றிய இரண்டு மாதத்துக்குப் பிறகு மறுபடி அளந்தபோது, அந்த விரலுக்கு உரிய இடம் சும்மா கிடக்கவில்லை. பக்கத்து விரல்களைத் தொட்டால் அது விழித்தது. இதை அவர்கள் 1984-இல் வெளியிட்டார்கள். 1991-இல் டிமோதி பான்ஸ் குழு கண்டது இன்னும் பெரிது. 12 ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்கு உரிய புறணிப் பரப்பு முழுவதும் முகத்தைத் தொட்டால் துடித்தது. மூளையின் வரைபடத்தில் கைக்குப் பக்கத்தில் இருப்பது முகம். பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் மனையைப் பக்கத்து மனைக்காரர் வேலி போட்டு வளைத்துக்கொள்வதுபோல, முகம் கையின் இடத்தை வளைத்துக்கொண்டுவிட்டது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த ஒருவர், மனிதர்களிடம் இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், காதைச் சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சி போதும் என்று கண்டுகொண்டார். அவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன்.

கார் விபத்தில் ஒரு கையை முழங்கைக்கு மேலே இழந்த 17 வயது இளைஞர் ஒருவர் அவரிடம் வந்தார். இல்லாத கை இருப்பதாகவே உணர்ந்துகொண்டிருந்தார் அவர். அவருடைய கண்ணைக் கட்டிவிட்டு, ராமச்சந்திரன் பஞ்சுக்குச்சியால் உடலின் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கன்னத்தைத் தொட்டபோது, “கன்னத்தில் படுகிறது, இல்லாத கட்டைவிரலிலும் படுகிறது” என்றார் இளைஞர். மேலுதட்டில் தொட்டால் ஆள்காட்டி விரல், தாடையில் தொட்டால் சுண்டுவிரல். முகத்தின் ஒரு பக்கத்திலேயே கை முழுவதும் விரிந்து கிடந்தது. முகத்தில் வழிந்த தண்ணீர்கூட, இல்லாத கையில் வழிந்தோடுவதாகத் தெரிந்தது.

ராமச்சந்திரனின் அடுத்த கண்டுபிடிப்புக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியும்தான் செலவு. மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள்பட்டை நரம்புகள் பிய்ந்து, பிறகு கையையே எடுக்க நேர்ந்த ஒருவருக்கு, இல்லாத கை பத்து ஆண்டுகளாக விறைத்த நிலையிலேயே வலித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அதன் முன்னே வைத்து அசைக்கச் சொன்னார் ராமச்சந்திரன். பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. பத்தாண்டுகளில் முதன்முறையாக இல்லாத கை “அசைந்தது”. மனிதர் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகினார். சில வாரங்களில் அந்த மாயக் கையே மறைந்துபோய், விரல்கள் மட்டும் தோளருகே தொங்குவதாகச் சொன்னார். 1999-இல் இதே கண்ணாடி உத்தியைப் பக்கவாதத்தால் கை விழுந்துபோன 9 பேரிடம் எரிக் ஆல்ட்சூலரும் ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் சோதித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு 2018-இல் வெளியானது. (இந்தக் காக்ரேன், திருமணி காக்ரேன் அல்ல.) பக்கவாதத்துக்குப் பின் கை அசைவு மேம்பட, மற்ற சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும்போது கண்ணாடி உதவுகிறது என்பதே அதன் முடிவு.

மாயக் கை விஷயத்திலும் தொழுநோயாளிகள் ஒரு முக்கியமான பாடம் சொல்லியிருக்கிறார்கள். 1956-இல் மரியான் சிம்மல் என்ற உளவியலாளர் அவர்களிடம் விசாரித்தார். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்த விரல்களுக்கு மாய விரல் தோன்றுவதில்லை. அதே நோயாளிக்கு எஞ்சிய பகுதியைக் கத்தியால் திடீரென்று அகற்றினால் மாய விரல் வந்துவிடுகிறது. மெதுவாக வரும் இழப்பும் சட்டென்று வரும் இழப்பும் மூளைக்கு ஒன்றல்ல.

முகம் கையின் இடத்தை வளைத்துக்கொண்டது என்ற விளக்கம் முப்பது ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் கோலோச்சியது. இப்போது அதற்கு வலுவான எதிர்ப்பு எழுந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். டமார் மேகின் என்ற ஆய்வாளர், கை போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னார். கைக்கு உரிய மூளைப் பகுதி, விரல் விரலாக, அப்படியே வேலை செய்தது. 2023-இல் அவரும் ஜான் கிராக்கவர் என்ற ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், மூளையின் ஒரு பகுதி இன்னொன்றின் வேலையை முற்றிலும் புதிதாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கான புகழ்பெற்ற சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலித்தார்கள். பெரும்பாலானவை, முன்பே அங்கே மங்கலாக இருந்த தொடர்புகள் வலுப்பெற்றதைத்தான் காட்டுகின்றன என்றார்கள். 2025-இல் அவரது குழு இன்னும் ஒரு படி போனது. கையை அகற்றும் அறுவைக்கு முன்பே 3 பேரை ஸ்கேன் செய்து, அறுவைக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தது. கையின் வரைபடம் மாறவில்லை. மனையும் காலியாகவில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் வேலி போடவில்லை.

அப்படியானால் மூளை மாறாது என்ற பழைய கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை. திருமணிக் கைகளை இந்த இடத்தில் மறுபடி நினைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். பாதத்தை மேலே தூக்கக் கற்றவரின் மூளையில் புது ஊர் எதுவும் முளைத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற ஊர்களுக்கு நடுவே எந்த வழி அதிகம் நடமாடப்படுகிறது என்பது மாறியது. நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்புகள், சேர்ந்து வேலை செய்யச் செய்ய வலுப்பெறும் என்று கனடாவின் டொனால்டு ஹெப் 1949-இலேயே சொன்னதும் இதைத்தான். பக்கவாதம் வந்த ஒருவரின் வீட்டாருக்கு இந்த வேறுபாடு வெறும் அறிஞர் சண்டை அல்ல. செத்த பகுதியின் வேலையை மூளை தானாக வேறெங்கோ மாற்றிக்கொள்ளும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். எஞ்சிப் பிழைத்திருக்கும் பாதைகளைத் தேடிப் பழக்குகிறவருக்குப் பலன் உண்டு.

பக்கவாதத்தில் நடப்பது என்ன? மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. வாய் கோணியதும், ஒரு கை துவண்டதும், பேச்சு குழறியதும் “கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்று விடக் கூடாது என்பது அதனால்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மடிந்த அணுக்கள் திரும்புவதில்லை. அவற்றைச் சுற்றி, சாகாமலும் வேலை செய்யாமலும் திகைத்து நிற்கும் பகுதி ஒன்று இருக்கும். வீக்கம் வடிந்து, ரத்தம் திரும்பப் பாய்ந்தால் அது விழித்துக்கொள்ளும். முதல் சில வாரங்களில் தானாகத் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு இதனுடையது. இந்த நாட்களில் ஊரார் சொல்லும் எண்ணெயைத் தேய்த்தவர்கள் எண்ணெயால் குணமானதாகவும், புறா ரத்தம் தேய்த்தவர்கள் புறாவால் குணமானதாகவும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் பயிற்சி நின்றுபோவதுதான் பெரும் நஷ்டம்.

அந்த நஷ்டம் எப்படிப்பட்டது என்பதை 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்ற ஆய்வாளர் காட்டினார். குரங்குகளின் மூளையில், கைக்கு உரிய இடத்தின் ஒரு சிறு துண்டைச் சேதப்படுத்தினார். சும்மா விடப்பட்ட குரங்குகளில், சேதமாகாத பக்கத்துப் பரப்பும் கையை மறக்கத் தொடங்கியது. சின்னச் சின்னக் குழிகளிலிருந்து தீனியை விரலால் எடுக்கத் தினமும் பழக்கப்பட்ட குரங்குகளில் அந்தப் பரப்பு தப்பியது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய பரப்பிலும் கையின் அசைவு பரவியது. முதல் சேதம் ஆய்வாளர் உண்டாக்கியது. இரண்டாவது சேதம் சும்மா இருந்ததால் வந்தது.

மனிதரிடம் அந்த இரண்டாவது சேதம் வீட்டுக்குள் நடக்கிறது, அன்பின் பெயரால் நடக்கிறது. வலது கை விழுந்த அப்பாவுக்கு மகள் ஊட்டிவிடுகிறாள். மருமகன் சட்டை போட்டுவிடுகிறார். அப்பாவும் இடது கையாலேயே செல்போனை எடுக்கப் பழகிக்கொள்கிறார். முதல் மாதம் வலது கையால் முடியவில்லை என்பது உண்மை. மூன்றாம் மாதம் கொஞ்சம் முடியும், ஆனால் முயல்வதில்லை. எட்வர்டு டவுப் என்ற ஆய்வாளர் இதற்குக் “கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை” என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன மருந்து கடுமையானது: நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போடு, விழுந்த கையால் வேலை செய். 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சைக் குழுவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நல்ல கைக்கு உறை போட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். முழுக்கத் துவண்ட கையை இப்படிக் கட்டாயப்படுத்தினால் வெறுப்புதான் மிஞ்சும்.

எவ்வளவு பழக வேண்டும்? கேத்தரின் லாங் என்ற பிசியோதெரபி ஆய்வாளர் 2009-இல், சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து அசைவுகளை எண்ணினார். பயன் தரும் வேலையாகக் கையை அசைக்கும் பயிற்சி, அது நடந்த அமர்வுகளில் சராசரியாக 32 முறைதான். மூளை மாறியதாகக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு அமர்வுக்கு 400 முதல் 600 முறை. பயிற்சிக் குறைவை மூளையின் குறையாகப் பலர் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

நூற்றுக்கணக்கான முறை என்றதும் மலைக்க வேண்டாம். நம் வீடுகளில் கை வேலைக்குப் பஞ்சமா? ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடிப்பதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எத்தனை முறை சேர்ந்து பிரிகின்றன! கோலப்பொடியை விரலிடுக்கில் பிடித்து விடுவது, பட்டாணி உரிப்பது, துணிக்குக் கிளிப் போட்டு எடுப்பது எல்லாமே விரல் நுனிக்கான பயிற்சி. தண்ணீர் டம்ளரை வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைப்பதில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலில் காலி டம்ளர், பிறகு கால் டம்ளர் தண்ணீர். சிந்தும், சிந்தட்டும். எந்த வேலை, எத்தனை முறை, எந்த நிலையில் உட்கார்ந்து என்பதைப் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட வேண்டும். தவறான இழுப்பில் தோள் நழுவும் ஆபத்து பக்கவாதக் கையில் உண்டு.

அதற்காக விழுந்த அன்றே எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. 2104 பேரைக் கொண்டு நடந்த ஏவர்ட் ஆய்வு 2015-இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிகமாக எழுப்பி நடமாடவைத்தவர்களைவிட, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். தொடக்கத்தில் மூளைக்கு நிதானம் வேண்டும்.

மறுகோடியில் இன்னொரு தவறான நம்பிக்கை: “ஆறு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதான்.” இதைச் சொல்பவர்களில் மருத்துவத் துறையினரும் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம் என்பது சரி. அதன்பின் கதவு மூடிவிடுகிறது என்பது சரியல்ல. லண்டன் குவீன் ஸ்கொயரில் நிக் வார்டு என்ற மருத்துவர் நடத்தும் கைப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த 224 பேரில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் 90 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். கை தேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் தேறிய நிலை நீடித்தது. 2019-இல் வெளியான இந்த முடிவைப் படித்தவர் யாரும் ஏழாவது மாதத்தில் ஒருவரிடம் கைவிரிக்க மாட்டார்.

பேச்சு போனவர்களின் கதை தனி. மூளையின் இடப்பக்க முன்பகுதி பாதிக்கப்பட்டால் சொல் வராது என்று பிரான்சில் பால் புரோக்கா கண்டது 1861-இல். ஆனால் “தண்ணி” என்று கேட்க முடியாதவர், தெரிந்த பாட்டை அடி பிசகாமல் பாடுவதைப் பல குடும்பங்கள் பார்த்துத் திகைத்திருக்கின்றன. 1973-இல் பாஸ்டனில் இதையே சிகிச்சையாக்கினார்கள். இடது கையால் தட்டிக்கொண்டே, சிறு வாக்கியத்தை ராகமாக இழுத்துச் சொல்ல வைத்து, மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பாட்டுப் பாடியே வளர்ந்த நம் அம்மாக்கள், பாட்டிகளிடம் முயன்று பார்க்கலாம். பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டல் இருந்தால் இன்னும் நல்லது.

தலைக்காயம் இதைவிடச் சிக்கல். சிறுசேரி சிப்காட்டுக்குப் பைக்கில் வேலைக்குப் போகும் இளைஞர், ஹெல்மெட் இல்லாமல் சறுக்கி விழுந்தால் மூளை ஓரிடத்தில் மட்டும் அடிபடுவதில்லை. தலை சுழன்ற வேகத்தில், மூளைக்குள் ஓடும் நீண்ட இழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுகின்றன. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். கையும் காலும் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகுதான், கூட்டத்தில் கவனம் நிற்காததும், சொன்னது மறப்பதும், சின்ன விஷயத்துக்குக் கோபம் பொங்குவதும் வெளிப்படும். “ஆளே மாறிட்டான்” என்று மனைவி சொல்வது குணக்கேடு பற்றிய புகார் அல்ல, காயத்தின் அடையாளம். இதற்கும் பயிற்சி உண்டு. நாளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிப்பது, எழுதி வைப்பது, ஒருநேரத்தில் ஒரு வேலை, போதிய தூக்கம். பக்கவாதத்துக்குப் பின்னும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மனம் சோர்ந்தவர் டம்ளரை நூறுமுறை தூக்கமாட்டார். ஆகவே சோர்வுக்கு மருத்துவம் பார்ப்பதும் கைக்கு மருத்துவம் பார்ப்பதில் அடக்கம்.

விபத்து நடந்ததும் உயிரைக் காக்கத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் செலவில் தருகிறது. பிழைத்தவருக்கு 49-ஆவது மணி நேரத்திலிருந்து மாதக்கணக்கான வேலை காத்திருக்கிறது. அந்த நீண்ட காலத்துக்கு உதவ, அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஆனால் அவர் ஒரு தெருவுக்கு மட்டும் உரியவர் அல்ல. பல ஊர்களுக்குப் போக வேண்டியவர். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் கையைப் பழக்குவது குடும்பத்தின் பொறுப்பு. சிறுசேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-இல் மத்திய அரசு ஏற்படுத்திய அந்த நிறுவனத்தில் பயிற்சியாளர்களும் உதவிக்கருவிகளும் உண்டு என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை.

பழக்கத்தின் எண்ணிக்கையைக் கூட்டக் கருவிகளும் வருகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ மேசைமேல் வைக்கக்கூடிய சிறு இயந்திரம். ஒரே மோட்டார், கைப்பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டை மடக்க, முன்கையைச் சுழற்ற, விரல்களை விரித்து மூடப் பழகலாம். திரையில் ஓடும் விளையாட்டைக் கையால் ஆட வேண்டும், முடியாத இடத்தில் மோட்டார் கைகொடுக்கும். இந்த இயந்திரம் பிறந்த வேலூரில்தான், 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பால் பிராண்ட். பின்னர் மேரி நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். அவரது முயற்சியில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தால், மாத்திரைகளுக்கு நேரே காலை ஒன்று, இரவு ஒன்று என்று தெளிவாக இருக்கும். கீழே ஒரு வரி மட்டும் “பிசியோதெரபி தொடரவும்” என்று நிற்கும். எத்தனை முறை, எந்த அசைவு, யார் கூட இருந்து செய்ய வேண்டும், மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று எதுவும் இருக்காது. வார்டை விட்டுக் கிளம்பும் முன் பிசியோதெரபிஸ்டைத் தேடிப் பிடித்து அந்த நான்கையும் அதே தாளில் எழுதி வாங்குவது வீட்டாரின் உரிமை. கேட்டால் எழுதிக்கொடுப்பார்கள். அசைவைச் செய்துகாட்டச் சொல்லிச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டால், இரண்டாவது வாரம் சந்தேகம் வரும்போது போட்டுப் பார்க்கலாம்.